நாடா உருவிய கிளிகள்

மார்ச் 3, திங்கள்

சரக்கு வந்துவிட்டது. கப்பலில் வந்த ஒரு கன்டெய்னரை நாலு வியாபாரிகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதில் எங்கள் பங்கு பேசும் கிளிகள். பஞ்சு அடைத்த பச்சைக் கிளி. எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கேட்டு, அதையே கீச்சுக் குரலில் திருப்பிச் சொல்லும்.

‘எங்கள் பங்கு’ என்று எழுதிவிட்டேன். மருமகளின் பங்கு. பொம்மைக் கடையும் அவளுடையது, துணிச்சலும் அவளுடையது. வீட்டில் இருந்தால் மனைவியின் வாயில் விழவேண்டுமே என்று குடோனுக்கு வந்து போகிறவன் நான்.

“மாமா, எல்லாம் பேசுதான்னு கொஞ்சம் பார்த்துடுங்க” என்றாள்.

“பார்த்துடறேம்மா.”

எல்லாம் என்றாள். மனதில் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

இரண்டு நாளாகக் கிளிச் சோதனை. ஓய்வு பெறும்வரை எடை அளவு அலுவலகத்தில் தராசுகளைச் சோதித்தவன் நான். ஒரு தராசைப் பார்த்துவிட்டு ஒன்பதுக்கு முத்திரை குத்துகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே ஒவ்வொரு பெட்டியாகத் திறக்கிறேன். கிளியின் வயிற்றில் பேட்டரி. அது உள்ளே இருக்கும் தகட்டைத் தொடாதபடி நடுவே ஒரு பிளாஸ்டிக் நாடா செருகியிருக்கிறார்கள். நாடாவை உருவினால் கிளி விழித்துக்கொள்ளும். உருவுகிறேன், சோதனை வாக்கியத்தைச் சொல்கிறேன், பதிலைக் கேட்டுக்கொண்டு, பெட்டியில் மூடித் தூர அலமாரியில் அடுக்குகிறேன்.

“சரியா இருக்கா?” என்பதுதான் வாக்கியம். யோசித்து வைத்ததல்ல, முதல் கிளியைக் கையில் எடுத்ததும் வாயில் வந்தது அதுதான். முணுமுணுத்தாலும் போதும், கிளிக்குக் கேட்டுவிடுகிறது. திருப்பிச் சொல்லும்போதுதான் ஊரைக் கூட்டுகிறது.

காலையிலிருந்து கிளி மாற்றிக் கிளி என்னைப் பார்த்து “சரியா இருக்கா?” என்று கேட்கிறது. இத்தனை பேர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது என் வாழ்நாளில் இதுவே முதல் தடவை.

உருவிய நாடாக்களை ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். எதையும் எறிந்துவிடக் கூடாது.

மார்ச் 6, வியாழன்

சாப்பிடும்போது மருமகள் ஒரு சேதி சொன்னாள். நகரும் படிக்கட்டு வைத்த பெரிய கடை ஒன்றிலிருந்து கொள்முதல் அதிகாரி பேசினாராம். வெயில் நாளிலும் கோட்டு போட்டு வருவார், ஆகவே எங்கள் வீட்டில் அவர் ‘கோட்டுக்காரர்’. கிளி மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறாராம். ஆனால் பெட்டியில் அவர்கள் கடைப் பெயர்தான் இருக்கவேண்டும். பெட்டியில் ஒட்டிய எங்கள் ஸ்டிக்கர் வில்லையைப் பிய்த்துவிட வேண்டும். வேறு யாருக்கும் கிளி தரக் கூடாது, நம் கடையிலும் வைக்கக் கூடாது.

அந்த வில்லை அவளே வரைந்தது. வட்டத்துக்குள் ஒரு சின்னக் கை, கீழே கடைப் பெயர். கிளியும் ஒரு வகையில் அவள் உண்டாக்கியதுதான். நூற்றுக்கணக்கான படங்களில் இதைத் தேடிப் பிடித்து, குழந்தையைக் குத்தும் என்று கெட்டியான மூக்கைத் துணி மூக்காக மாற்றச் சொல்லி, தொழிற்சாலைக்காரர்களோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டினாள். இப்போது தெருவுக்குத் தெரு அடுக்குமாடி எழும்புகிறது, வாரத்துக்கு ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள், பரிசு வாங்காத வீடில்லை. கிளி நிச்சயம் பறக்கும். அவர்கள் பெயரில் பறந்தால் அதை யார் கொண்டுவந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

“பேர் போனா போகட்டும், சரக்கு ஒரே நாள்ல போகுதுல்ல” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீங்க என்ன நினைக்கிறீங்க மாமா?”

நான் நினைத்தது வேறு. சொன்னது, “உன் இஷ்டம்மா.”

வியாபாரத்தில் எனக்கு என்ன தெரியும்? தெரியாதவன் வாயை மூடிக்கொண்டிருப்பது மரியாதை அல்லவா? அல்லது அதற்குப் பெயர் பயமா?

மார்ச் 7, வெள்ளி

கடைசிக் கிளியும் பேசிவிட்டது. இரண்டே இரண்டு ஊமை. மற்றதெல்லாம் பத்தரை மாற்று. நிம்மதியாகத் தூங்குவேன்.

மார்ச் 8, சனி

என்ன காரியம் செய்துவிட்டேன்!

காலையில் மூட்டை தூக்குகிறவர் குடோன் ஷட்டரைக் கடகடவென்று தூக்கினார். உள்ளிருந்து அத்தனை பெட்டிகளும் “கடகட” என்றன. அவர் வெலவெலத்துப்போய், “உள்ள யாருய்யா?” என்றார். “உள்ள யாருய்யா? உள்ள யாருய்யா?” என்று நாலு பக்கத்திலிருந்தும் கேள்வி வந்தது. ஒரு கிளி சொல்வதை அடுத்தது பிடித்துக்கொள்கிறது, அதனிடமிருந்து இன்னொன்று. மனிதர் செருப்பை விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார்.

மருமகள் வந்தாள். என் மேஜைமேல் இருந்த உறையைப் பார்த்தாள்.

“மாமா… எல்லாத்துலயும் நாடாவை உருவிட்டீங்களா?”

“சோதிக்கணும்னா…”

“அதை வாங்கறவங்கதான் உருவணும். நாடா இல்லன்னா பழசு, யாரோ பிரிச்சதுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க.”

நான் உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“பத்துல ஒண்ணு பார்த்தா போதும்னு நான்தான் சொல்லியிருக்கணும். என் தப்பு” என்றாள். திட்டியிருந்தால் தேவலாம்.

கோட்டுக்காரர் புதன்கிழமை வருகிறார். அதற்குள் ஒவ்வொரு கிளியின் வயிற்றையும் திருகாணி கழற்றித் திறந்து, நாடாவைத் திரும்பச் செருகிவிடுகிறேன் என்றேன். மூக்குக்கண்ணாடி சரிசெய்ய வைத்திருக்கும் குட்டித் திருப்புளி பொருந்துகிறது. நல்லவேளை, நாடாக்களை எறியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்றும் கிளி வைத்தியம். சாப்பாடு கொண்டுவந்த மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

“பஸ் டிக்கெட்டையே ரெண்டு தடவை படிக்கிற மனுஷன்கிட்ட ‘எல்லாத்தையும் பாருங்க’ன்னு சொன்னா இப்படித்தான் ஆகும். அவ புதுசு, அவளுக்கு எங்க தெரியும்?”

“அவ வந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு.”

“பன்னிரண்டு வருஷத்துல உங்க வாயிலேர்ந்து பன்னிரண்டு வார்த்தை கேட்டிருப்பாளா? எது கேட்டாலும் ‘உன் இஷ்டம்’. இந்தக் கிளி எவ்வளவோ மேல், சொன்னதையாவது திருப்பிச் சொல்லுது.” எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னாள். “மனசுல நினைக்கிறதெல்லாம் உங்க உதட்டுல ஓடுது, தெரியுமா? சத்தம்தான் வரமாட்டேங்குது.”

அப்படியா? கண்ணாடியில் பார்த்தேன். ஓடத்தான் செய்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கோட்டுக்காரர் ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டார். கடைசி அலமாரிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து நாடா செருகிக்கொண்டிருந்தேன். கீழ் இரண்டு தட்டுக் கிளிகள் இன்னும் விழித்திருந்தன. மருமகளும் அவரும் வாசல் பக்கத்து மேஜையில். எழுந்து வெளியே போவதா, இருப்பதா? என்னைப் பார்த்தால் நாடா விஷயம் கிளம்பும். மூச்சுவிடாமல் இருந்தேன். அவர்களும் தணிந்த குரலில்தான் பேசினார்கள். கிளிகள் சும்மா இருந்தன.

“நாளைக்கே வண்டி அனுப்பறேன் மேடம். உங்க ஸ்டிக்கர் மட்டும் வேணாம். எங்க பேர்லதான் வரணும்.”

பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

“அவ்வளவுதானே… சரி…” என்று இழுத்தாள். அந்த ‘சரி’யை எனக்குத் தெரியும். நான் வாழ்நாள் முழுக்கச் சொன்ன ‘சரி’ அது.

உதடு ஓடிவிட்டது. ‘பேரைக் குடுத்துடாதேம்மா.’ மூச்சுக்காற்றுதான். சத்தியமாக அதற்குமேல் சத்தமில்லை.

“பேரைக் குடுத்துடாதேம்மா!” என்றது மடியிலிருந்த கிளி.

அதன் வாயைப் பொத்தினேன். பொம்மைக்கு வாயிலா சத்தம் வருகிறது? பக்கத்துத் தட்டில் ஒன்று பிடித்துக்கொண்டது. பிறகு அதன் அண்ணன் தம்பிகள் அத்தனையும். பேரைக் குடுத்துடாதேம்மா, பேரைக் குடுத்துடாதேம்மா என்று அலமாரியே கத்தியது.

“யாரு அங்க?” என்றார் கோட்டுக்காரர்.

“யாரு அங்க? யாரு அங்க?”

“என்ன மேடம், கிண்டலா?”

“கிண்டலா? கிண்டலா?”

“மாமா, வெளிய வாங்க” என்றாள் மருமகள். (“வெளிய வாங்க!” என்று அவையும் கூப்பிட்டன.)

ஒரு கையில் கிளி, ஒரு கையில் திருப்புளி. போய் நின்றேன்.

“இது நீங்க சொன்னதா?”

“கிளி…” என்று ஆரம்பித்தேன்.

“கிளி தானா சொல்லாது மாமா.”

“நான்தாம்மா.”

“அன்னைக்குக் கேட்டப்ப உன் இஷ்டம்னீங்களே?”

“அது அன்னைக்கு.”

“இன்னைக்கு?”

கோட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எப்படிச் சொன்னேனோ தெரியாது, சொன்னேன்: “தேடிப் பிடிச்சது நீ. மூக்கை மாத்த வச்சது நீ. வித்தாலும் விக்காட்டியும் உன் பேர் இருக்கட்டும்.”

“உன் பேர் இருக்கட்டும்” என்றது கையிலிருந்த கிளி.

மருமகள் பேனாவை மூடினாள். “கேட்டீங்களா சார்? ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க.”

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஐயோ, அழவைத்துவிட்டேனே என்று பதறிப்போனேன். கிட்டே போனால், சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கீழ்த்தட்டு பிடித்துக்கொண்டது. எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் இரண்டு பேரும் வெளியே வந்து ஷட்டரை இறக்கினோம். உள்ளே வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தன.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கிளி வாயால் கெட்டேன்.

மார்ச் 13, வியாழன்

கோட்டுக்காரரிடமிருந்து சேதி இல்லை. இரவுச் சாப்பாட்டில் மகன், “அப்பா, அடுத்த மீட்டிங்குக்கு நீங்க போறீங்களா, கிளி போகுதா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

சரக்கு தேங்கினால்? என் ஒரு வாக்கியத்தால் அவள் இத்தனை மாத உழைப்பு— வேண்டாம். படுக்கப் போகிறேன்.

மார்ச் 17, திங்கள்

சேதி இல்லை. அவள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. குழந்தை மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைக்கு ஸ்கூட்டரில் என்னையும் கூட்டிப்போனாள். பின்னால் கிளிப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊசி போட்டு அழுதுகொண்டு வருகிற பிள்ளைக்குக் கிளி நல்லது என்று கடைக்காரரிடம் நானே சொன்னேன். இரண்டு பெட்டி எடுத்துக்கொண்டார்.

“நல்லா பேசறீங்க மாமா” என்றாள் திரும்பும்போது. ஹெல்மெட்டுக்குள் இருந்ததால் என் முகம் தெரிந்திருக்காது.

மார்ச் 20, வியாழன்

கோட்டுக்காரர் வந்தார்! கோட்டு இல்லாமல் வந்தார், எனக்கு அடையாளமே தெரியவில்லை.

கிளிகள் தன்னை விரட்டிய கதையை ஆபீசில் கோபமாகச் சொல்லியிருக்கிறார். அங்கே எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். முதலாளி அம்மா கூப்பிட்டு, “பெட்டிக்குள்ள இருந்தா அதுவும் ஒரு பொம்மை. வெளிய உக்காந்து பேசினா யார் வாங்காம போவா?” என்றாராம்.

“அதனால, நாடா உருவின கிளி ஒரு நாலு வேணும் ஐயா. மாடிக்கு ஒண்ணு வெக்கணும்” என்றார் என்னிடம்.

நாலு என்ன, கீழ்த்தட்டே இருக்கிறது. நானே துடைத்துக் கொடுத்தேன்.

ஸ்டிக்கர் இருக்கட்டும் என்றார். மற்றக் கடைகளுக்கும் கொடுப்போம் என்றாள் மருமகள். அதற்கு முகத்தைச் சுளித்தார். முன்பு கேட்டதில் பாதிதான் எடுத்துக்கொண்டார். பாதி போதும் என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். போதும் என்று நான் தலையாட்டினேன். கேட்காமலே.

ஏப்ரல் 6, ஞாயிறு

மனைவியோடு பெரிய கடைக்குப் போனேன். நகரும் படிக்கட்டில் ஏற அவளுக்குப் பயம், எனக்கும் பயம். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினோம். மேல்மாடியில் எங்கள் கிளி உட்கார்ந்திருந்தது, சுற்றிலும் குழந்தைகள். அடுக்கிய பெட்டிகளின் ஓரத்தில் சின்னக் கை, கீழே கடைப் பெயர். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தேன். பாதிக்குமேல் மனைவி இழுத்து நிறுத்தினாள்.

பிறகு கிளியின் காதருகே குனிந்து, “இவர் வீட்டுல பேசவே மாட்டார்” என்றாள்.

கிளி அதை மாடி முழுக்கச் சொன்னது.

ஜூன் 14, சனி

இரண்டாவது சரக்கு வந்தது. இந்தத் தடவை நீலக் கிளிகளும் உண்டு. “பத்துல ஒண்ணு மாமா” என்று மருமகள் வாசலிலிருந்தே விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

பத்தில் ஒன்றுதான் திறந்தேன். மற்ற ஒன்பதும் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் பத்துக்குக் கை அரித்தது, பிறகு பழகிவிட்டது.

நாடாவை உருவி, கிளியை நிறுத்தி வைத்து, “சரியா இருக்கு” என்றேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு, அதுவும் அப்படியே சொன்னது. நாடாவைத் திரும்பச் செருகிப் பெட்டியை மூடினேன்.