ஜவ்வாது மலைக்கு ஒரு கத்தி

6 ஜனவரி, தாம்பரம்

காலை ஆறு மணிக்கு வரலாற்றுச் சிறப்புமிக்க வாட்ஸ்அப் செய்தி. பள்ளிக்கரணையிலிருந்து அக்கா மகள் அஞ்சலி: 'மாமா, 25ஆம் தேதி ஜவ்வாது மலை கேம்ப். நல்ல கத்தி ஒண்ணு பாத்து வாங்கிடுங்க. மடக்குறது வேணாம்.'

ரிட்டயர் ஆன இந்தப் பதினோரு மாதமாக என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை, கேஸ் சிலிண்டர்காரர் ஓ.டி.பி. கேட்டதைத் தவிர. கட்டைவிரல் உயர்த்தி அனுப்பினேன். மாவீரர்கள் அதிகம் பேசுவதில்லை.

8 ஜனவரி

யூடியூபில் கத்தி பற்றி நாற்பத்தொரு வீடியோ. இப்போது என்னை அமேசான் காட்டில் இறக்கிவிட்டால் முதலைகள் மனு கொடுக்கும்.

11 ஜனவரி

திருமுடிவாக்கத்தில் கலீலின் பட்டறை. என்னோடு வேலை பார்த்தவன், இப்போது சொந்தமாக லேத் வைத்திருக்கிறான். ஒரு அடி நீளத்தில் கத்தி கேட்டேன்.

"இன்னாண்ணா, போருக்கா போற? வெறகு சீவ, கயிறு அறுக்க நாலு இஞ்ச் போதும். இரும்பு பிடிக்குள்ள கடைசி வரைக்கும் ஓடணும், அதான் மெயின். இல்லன்னா ஓங்கி ஒரு தட்டு தட்டுனா பிடி தனியா வந்துடும்."

ஸ்டெயின்லெஸ்ஸா, கார்பன் ஸ்டீலா என்று கேட்டேன்.

"கார்பன் நல்லா கூரா நிக்கும். ஆனா டெய்லி தொடச்சு எண்ணெ போடணும், இல்லாட்டி துரு புடிச்சிக்கும். ரொம்ப பேஜாருண்ணா."

கார்பன் என்றேன். தினமும் கவனிக்க வீட்டில் ஏதாவது வேண்டாமா?

18 ஜனவரி

கத்தி வந்தது. தக்காளியிடம் காட்டினேன். வெட்டுவதற்கு முன்பே இரண்டானது.

22 ஜனவரி

பை தயார். எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று அஞ்சலி இன்னும் சொல்லவில்லை. வேலை இருக்கும்.

24 ஜனவரி

அவளே ஃபோன் செய்தாள். "மாமா, நாளைக்குக் காலைல நாங்க கேம்ப் போறோம். ரெண்டு நாள் செடிக்குத் தண்ணி ஊத்துறீங்களா? சாவி செக்யூரிட்டிகிட்ட இருக்கும்."

கத்தி வாங்கியாச்சா என்று மட்டும் கேட்டேன்.

"அத ஏன் கேக்குறீங்க. மாமாகிட்ட சொல்லி மூணு வாரம் ஆச்சு, மெசேஜே வரலன்னு சாதிக்கிறாரு. கட்டைவிரல் வந்துச்சே, நான் பாத்தேனே. நேத்துதான் அவசரமா வாங்குனாரு."

மாமா என்றால் வினோத்குமார். அவள் புருஷன், அவளுக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவரையும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குத் தெரியாதா — தெரியும். மறந்துபோச்சு. இல்ல, நானாத்தான் மறந்தேனா?

"ஊத்துறேம்மா" என்றேன்.

26 ஜனவரி

பள்ளிக்கரணை. இருபத்திரண்டு தொட்டிகள். கத்தியும் கூட வந்தது. ஜவ்வாது மலையின் கரடிகள் தப்பித்தன, காய்ந்த செம்பருத்திக் கிளை ஒன்று மாட்டியது. பால்கனியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் ஒருவன் மட்டும் இருக்கும் என் வீட்டை விட இங்கே சத்தம் குறைவு; அது எப்படி என்று தெரியவில்லை.

28 ஜனவரி

கத்திக்கு எண்ணெய் போட்டேன்.

30 ஜனவரி

அஞ்சலியிடமிருந்து: 'ராஜாராமன் மாமா, ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட வாங்க.'

பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்கு நான் வெறும் மாமாதான். இன்றைக்குப் பெயரும் சேர்ந்துவிட்டது. பழைய செய்தி யாருக்குப் போனது என்று தேடிப் பார்த்திருக்கிறாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வருகிறேன் என்று எழுதினேன். இந்தச் செய்தி எனக்குத்தான், சந்தேகத்துக்கே இடமில்லை.