பிளாஸ்டிக் உறை பிரித்த நாள்

இன்று காலை கீழ்வீட்டுத் தம்பி புதுக் கார் எடுத்து வந்தார். கதவைத் திறந்ததும் வெயிலில் சூடான பிளாஸ்டிக் உறையின் வாசனை குப்பென்று அடித்தது. நீங்களே பக்கத்தில் வந்து நின்றது போல இருந்தது. மாலை போட்ட உங்கள் படத்தின் முன் நிற்கும்போதுகூட எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

நம் கார் வாங்கிப் பல வருடமாகியும் இருக்கைகளின் உறையை நீங்கள் பிரிக்கவே இல்லை. சித்திரை வெயிலில் பூந்தமல்லி போய் இறங்கினால் என் முதுகும் புடவையும் சீட்டை விட்டுப் பிரிய மறுக்கும். "பிரிச்சா பழசாயிடும்மா" என்பீர்கள். கார் பழசாகவில்லை. நான்தான் ஆனேன்.

அந்தக் காரில்தான் எதிர்வீட்டு மீனுவைத் தினமும் பள்ளிக்கு அழைத்துப் போனீர்கள். அவள் அப்பா அம்மா இருவரும் விடிந்ததும் ஐடி கம்பெனிக்கு ஓடுகிறவர்கள். மதுரைக்காரர்கள் பெற்ற பிள்ளை. தமிழை மட்டும் நம் வாட்ச்மேனிடம் கற்றுக்கொண்டாள். கேட் வரை உங்கள் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிப்பாள். அதன்பின் முன் இருக்கைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "தாத்தா, லாரி வந்துகினு கீது, ஓரம் போ" என்று உங்களை ஓட்டுவாள். ஐந்து வயது.

கான்வென்டில் நேராக உட்காரக் கற்றவள் நான். ஓடும் காரில் ஒரு குழந்தை நிற்பதை எப்படிப் பொறுப்பேன்?

"நம்ம பசங்க ஸ்கூட்டர்ல நின்னுகிட்டுத்தானே வளந்தாங்க?" என்றீர்கள்.

"வளரலை. தப்பிச்சாங்க" என்றேன்.

பெல்ட் போட்டுப் பார்த்தோம். பெரியவர்களுக்குச் செய்த பெல்ட் அவள் கழுத்தை உரசியது. குழந்தையை உயர்த்தி உட்காரவைத்தால் அது தோளிலும் இடுப்பிலும் சரியாகப் படியும், அதற்குத்தான் பூஸ்டர் சீட் என்று நாள்கணக்கில் உங்களுக்குப் பாடம் நடத்தினேன். இட்லிக்குச் சட்னி அரைக்காமல் நடத்தியதால் பாடம் ஏறியது.

அம்பத்தூர் போய் வாங்கி வந்தீர்கள். அதன் உறையையும் பிரிக்கவில்லை! உறை போட்ட இருக்கையின் மேல் உறை போட்ட சீட். அதன் மேல் மீனு, மகாராணி மாதிரி.

ஒரு நாள் பள்ளிக்குப் போகும் வழியில், சென்னீர்குப்பத்தில் முன்னால் போன ஷேர் ஆட்டோ சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. நீங்கள் பிரேக்கை மிதித்தீர்கள். நான் திரும்பிப் பார்த்தேன். சீட் ஒரு பக்கம் வழுக்கியிருந்தது. குழந்தை பெல்ட்டுக்கு அடியில் சறுக்கி இறங்கியிருந்தாள்; பெல்ட் அவள் தாடைக்குக் கீழே நின்றது.

"தாத்தா, இன்னொரு வாட்டி!" என்று சிரித்தாள்.

நீங்கள் சிரிக்கவில்லை. ஓர் இளநீர் வண்டி ஓரமாகக் காரை நிறுத்தினீர்கள். முதலில் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தீர்கள். பிறகு உறையைக் கிழிக்க ஆரம்பித்தீர்கள். நகத்துக்கு வராததைப் பல்லால். சின்ன சீட், பின் சீட், அப்புறம் என்னை இறங்கச் சொல்லிவிட்டு என் சீட்.

"இன்னா சார், புச்சு சாமான இப்புடி கிய்க்கிறே?" என்றார் இளநீர்க்காரர்.

"உயிரு வழுக்குதுய்யா."

"அப்ப இந்தா" என்று அரிவாளை நீட்டினார். நான்தான் தடுத்தேன்.

அதன்பிறகு உங்கள் தொல்லை குடியிருப்புக்கே தாங்கவில்லை. மாலையில் பார்க்கிங்கில் நின்று, வருகிற காரை எல்லாம் நிறுத்தி, பிள்ளைகளின் பெல்ட்டை இழுத்துப் பார்த்தீர்கள். "கழுத்துல பட்டா பூஸ்டர் வேணும் தம்பி. நாளைக்கு வந்து பாப்பேன்." முதல் மாடிக்காரர் உங்களைக் கண்டால் பின்கேட் வழியாக ஓடினார். கடைசியில் அவரும் வாங்கினார், உங்கள் வாயை அடைக்க.

மீனு இப்போது உயரமாகிவிட்டாள். அந்தச் சீட் அவள் தம்பிக்கு. நேற்று அவர்கள் காரில் நசரத்பேட்டை வரை போனேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து. வழியில் அவன் அப்பா பிரேக் போட்டார். என் இடது கை தானாக நீண்டு குழந்தையின் மார்பை மறித்தது. நீங்கள் ஓட்டும்போது ஒவ்வொரு பிரேக்குக்கும் என் முன்னால் நீளுமே உங்கள் கை, அதே கை. "நான் பெல்ட் போட்டிருக்கேன், நான் என்ன காய்கறிப் பையா?" என்று எத்தனை முறை உங்களைக் கடிந்திருக்கிறேன்!

"பாட்டி, கைய எடு. நான்தான் பெல்ட்டு போட்டுகினு கீறேனே?" என்றான் அவன்.

எடுத்துக்கொண்டேன். அடுத்த சிக்னலில் அது மறுபடியும் போய்விட்டது.