கறுப்பு டேப்புக்குக் கீழே

அன்புள்ள மச்சானுக்கு,

கையெழுத்தைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்துவிடாதே. எழுதுவது உன் அத்தான்தான். எழுத்து ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் விழுகிறது. வரிகள் கடைசியில் கீழே சரிகின்றன. மன்னித்துக்கொள். ஒரு பக்கம் முடிப்பதற்குள் டீ இரண்டு முறை ஆறிவிடுகிறது. இன்று நான்காவது நாள். எழுபத்தொரு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. அதை உனக்கே எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நாங்கள் நலம். உன் நலம் அறிய எனக்கு அவ்வளவு ஆவல் இல்லை.

நூலகத்து மாடியில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. ஏழு மாதமாகப் போகிறேன். தமிழ் வந்தது, பிறகு இங்கிலீஷ் எழுத்துகளும் கொஞ்சம் வந்தன. இப்போது என்னைத் தெருவில் விட்டால் சீக்கிரம் வீடு திரும்ப மாட்டேன். மருந்துக்கடைப் பலகை, லாரியின் முதுகு என்று எதையாவது வாசித்துக்கொண்டு நிற்கிறேன். "கடைக்குப் போனீங்களா, கடையைப் படிக்கப் போனீங்களா?" என்று உன் அக்கா கேட்கிறாள்.

வீட்டில் வாசிக்க எதுவும் மிச்சமில்லாமல் போன ஒரு மதியம், நீ நகரத்துக்குக் குடிபோகும்போது விட்டுப்போன பழைய கீபோர்டைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். ஸ்டிக்கர்கள் அப்படியே இருந்தன. எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்காக நீ செய்த ஏற்பாடு. மேடையில் கீபோர்டு வாசித்துக்கொண்டே நீ சிவப்பு என்றால் வேகத் தாளம், நீலம் என்றால் மெதுவான தாளம். நான் அழுத்துவேன். ஒரு பட்டனின் மேல் மட்டும் கறுப்பு டேப். "அத்தான், அது கெட்டுப்போன பட்டன். தொட்டீங்கன்னா மெஷினே போயிடும், ஒட்டி மூடிடுங்க" என்று சொன்னாய். நான்தான் ஒட்டினேன். ஓரத்தை நகத்தால் நன்றாக அழுத்தியும் விட்டேன்.

அதை உரித்தேன். அடியில் 'ஃப்ரீ டெம்போ' என்று இருந்தது. முதல் சொல் எல்லாக் கடை வாசலிலும் தொங்குவதுதான். இரண்டாவதை டீச்சரிடம் எழுதிக் காட்டினேன். "வேகத்தை மெஷின் முடிவு பண்ணாது ஐயா, உங்க கைதான் முடிவு பண்ணும்" என்றார்.

அழுத்தினேன். மெஷின் ஒன்றும் ஆகவில்லை. டிரம் சத்தம் இல்லை. இடது கையால் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டைப் பிடித்தால் வயலின்கள் மெல்ல எழுந்து நிற்கின்றன. அடுத்த கார்டு பிடிக்கும்வரை அப்படியே நிற்கின்றன. நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் நின்றுகொண்டிருந்தன.

உன் அக்கா வரிக்கு வரி நின்று, மூச்சு வாங்கிப் பாடுகிறவள். பழைய ஆர்மோனியக்காரர் அவளுக்காகக் காத்திருப்பார். நீ கீபோர்டோடு வந்தாய். "மெஷின் யாருக்காகவும் நிக்காதுக்கா, நீதான் கூட ஓடி வரணும்" என்றாய். ஒன்பது வருடத்துக்கு முன் நம்மூர் அரங்கத்துக் கச்சேரியில் அவள் மூச்சு வாங்கினாள், தாளம் அவளை விட்டுவிட்டுப் போனது. நீ மைக்கை எடுத்து, "அக்காவுக்குத் தாளம் ரிட்டயர் ஆயிடுச்சு, மன்னிச்சுக்குங்க" என்றாய். அரங்கமே சிரித்தது. மறுமாதம் அவள் இடத்தில் நீ கட்டிக்கொள்ளவிருந்த பெண் பாட நின்றாள். அதற்குப் பிறகு உன் அக்கா துணி துவைக்கும்போதுகூட முணுமுணுத்ததில்லை.

போன வாரம், அன்று அரங்கத்தில் அவள் பாடிய அதே பாட்டை எனக்குத் தெரிந்த மூன்று கார்டுகளில் பிடித்தேன். பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. வரி முடிந்தது, மூச்சு வாங்கினாள். நான் காத்திருந்தேன், மெஷினும் காத்திருந்தது. பாட்டு முடிந்ததும் ஈரக் கையோடு வந்து பார்த்தாள். இந்தப் பட்டன் அப்போதே இருந்தது என்றேன். "அப்படின்னா தம்பிக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா எனக்குப் போட்டிருப்பானே" என்றாள். டேப்பைப் பற்றி வாய்வரை வந்தது. ஒட்டிய கை என்னுடையது அல்லவா, விழுங்கிவிட்டேன்.

அடுத்த மாதம் அதே அரங்கத்தின் ஆண்டு விழாவில் நீ வாசிக்கப்போகிறாய். சுவரொட்டியை நானே வாசித்தேன். மேலாளருக்கு மனு எழுதினேன். உனக்கு முன்னால் உன் அக்காவுக்கு ஒரு பாட்டு, கீபோர்டில் நான். சரி என்றுவிட்டார். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உனக்கு ஒரு நாற்காலியும் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவள்தான் வர மறுக்கிறாள். "மறுபடியும் தாளம் தப்பினா தம்பிக்குத்தானே தலைகுனிவு" என்கிறாள். உனக்காகப் பயப்படுகிறாள் மச்சான்.

ஆகையால் அவளுக்கு எழுது. போன் வேண்டாம், போனில் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். பட்டன் அன்றும் வேலை செய்தது, மூடச் சொன்னது நீ, அவள் தாளம் தப்பவில்லை. மூன்று வரி போதும். உனக்கு நான்கு நாள் ஆகாது.

உரித்த டேப்பை இந்தத் தாளின் அடியில் ஒட்டியிருக்கிறேன். பசை இன்னும் நன்றாகப் பிடிக்கிறது.

உன் காதும் கையும் நூறு வருடம் நன்றாக இருக்கட்டும். விழா அன்றைக்குக் கேட்கவும் கைதட்டவும் உனக்கு அவை வேண்டும். தட்டுவதற்கு மட்டும் அவசரப்படாதே. அவள் நின்றால் பாட்டு முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

அடுத்த வாரம் கட்டாயம் மறுபடி எழுதுவேன். உன் கடிதம் அவளுக்கு வந்து சேர்ந்திருந்தால் உனக்கு எழுதுவேன். சேரவில்லையென்றால் உறையின்மேல் அவள் பெயரை எழுதுவேன். நாற்பத்தாறு வருடத்தில் அவளுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. முதல் கடிதத்தில் சொல்ல வேறு விஷயம் வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் உன்னைப் பற்றி எழுத வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அத்தான்