பழைய அளவு

இந்தாம்மா, சாப்பாடு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். நர்ஸ் பத்து மணிக்கு வருவார். அவரைத் திட்டாதே.

வயிற்றில் ஒட்டுகிற மலப்பை கசிந்து தோல் வெந்துபோனதற்கு, "மட்டமான பையைத் தலையில கட்டிட்டீங்க"ன்னு நேற்று அவரைப் போனில் கிழிகிழி என்று கிழித்தாய். பக்கத்தில் இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பை நல்ல பைதான். அதில் ஓட்டை வெட்டினவன் உன் புருஷன், நான்தான்.

ஆபரேஷன் முடிந்த வாரம் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த அளவிலேயே, உனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று பெட்டியில் இருந்த மொத்தப் பைகளுக்கும் வெட்டி வைத்தேன். மலம் வெளியேற வயிற்றில் திறந்து வைத்த குடல்வாய் நாளாக நாளாகச் சுருங்குமாம்; பழைய ஓட்டை பெரிதாகிப்போய், இடைவெளியில் கசிந்து தோலைச் சுடுமாம். வாராவாரம் அளந்துதான் வெட்ட வேண்டுமாம். நர்ஸ் அப்புறம் எனக்குப் போன் செய்து சொன்னார்.

முப்பது வருஷத் தையல்காரன் நான். ஆளை நிறுத்தி அளக்காமல் ஒரு துணியில் கத்திரி வைத்ததில்லை. ஆனால் நீதான் அந்த இடத்தை என்னைப் பார்க்கவே விடுவதில்லையே. உனக்காக எனக்குச் செய்யத் தெரிந்தது இது ஒன்றுதான். அதுவும் உன்னைச் சுட்டுவிட்டது.

இன்னொன்று. புதுப் பெட்டி வாங்கிக்கொண்டு பத்து மணிக்கு வாசலில் நிற்பேன். கூப்பிட்டால் உள்ளே வருவேன். கூப்பிடாவிட்டால், நர்ஸ் அளந்ததும் அளவை மட்டும் கதவு வழியாகச் சொல்லு. வெளியே நின்றே வெட்டித் தருகிறேன்.