பாக்கெட்டில் இருந்த ஒயர்

1966 மார்ச் 6, ஞாயிறு

இன்று சர்ச் ஹாலில் எங்கள் குடும்பக் கச்சேரி. நான் கிதார் வாசித்தேன். அதாவது, வாசிப்பதுபோல் நின்றேன். ஒயரின் மறுமுனை ஆம்ப்ளிஃபயரில் இல்லை, என் பேண்ட் பாக்கெட்டில். திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு நிஜமாக வாசிப்பவர் அப்பா. "மூணு பாட்டைத் தப்பில்லாம வாசி, டார்ஸி. அப்புறம் ஒயரைச் செருகிக்கோ." அதுவரை நான் எதற்கு? அம்மா நான்கு பிள்ளைகளுக்கும் ஒரே மஞ்சள் துணியில் கோட்டு தைத்துவிட்டாள். கோட்டு வீணாகக் கூடாது.

பக்கத்து வீட்டு மிஸஸ் ஹேடன் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கிதார் என்னை அழ வச்சிடுச்சுப்பா" என்றார். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 10

இரண்டு பாட்டு தேறிவிட்டது. விரல் நுனியெல்லாம் கொப்புளம். பேஸ் கிதார் வாசிக்கும் வெர்னா அக்கா பார்த்துவிட்டு, "ஊமைக் கச்சேரிக்கே இவ்வளவு காயமாடா?" என்றாள்.

மார்ச் 17

மூன்றாவது பாட்டில், பல்லவிக்குத் திரும்பும் இடத்தில், தப்பு.

மார்ச் 20

அதே இடம். அதே தப்பு. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் கண்ணாடியில் கீறல் கண்டுபிடிக்கிற வேலை. வீட்டிலும் அதுதான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 26, சனி

டொலீடோ நகரப் போட்டி. ஜெயித்தால் இசைத்தட்டு போடலாம். போன இடத்தில்தான் தெரிந்தது: பேர் கொடுத்த பிள்ளைகள் நால்வர் மட்டுமே, மேடையில் நின்று வாசிக்க வேண்டுமாம். அப்பா தன் கிதாரைப் பெட்டியில் வைத்து மூடினார். என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பயத்தை அவர் முகத்தில் பார்த்ததே இல்லை.

"ஒயரை வெளிய எடுடா."

செருகினேன். 'டப்' என்று ஹாலே அதிர்ந்தது. இரண்டு பாட்டு தப்பித்தேன். மூன்றாவதில் — ஐயோ, எழுதவே கை கூசுகிறது — அதே இடம், அதே தப்பு! செத்தேன்னு நெனச்சேன். ஆனால் பாடிக்கொண்டிருந்த எங்கள் கடைக்குட்டி கிளெல், எட்டு வயசுப் பயல், என் தப்பு ஸ்வரத்தையே பிடித்துக்கொண்டு மேல் ஸ்தாயிக்கு ஏறிவிட்டான். ஹால் எழுந்து நின்றது. டிரம்ஸ் அடித்த ராய்ஸ் அண்ணன் குச்சியைத் தவறவிட்டான்.

முதல் பரிசு. காரில் ஏறியதும் அப்பா ஆரம்பித்தார்.

"அந்த எடத்துல தப்பு பண்ணினே."

"ஆமாப்பா."

"இனிமே தெனமும் அதையே பண்ணு. மாத்தித் தொலச்சிடாத."

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அழுதேன். அக்கா பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 2

இந்த வாரம் ரேடியோவில் எங்கள் பாட்டு ஒன்பது முறை. தெருமுனையில் ஒரு பெண் என் தப்பை அப்படியே விசிலடித்துக்கொண்டு போனாள். மிஸஸ் ஹேடன் மட்டும் சர்ச் வாசலில் என்னை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார்: "கோவிச்சுக்காதப்பா. மார்ச் மாசம் இங்க வாசிச்சியே, அந்தச் சுத்தம் ரேடியோவுல இல்ல."

நன்றி சொன்னேன். அந்தப் பாராட்டை அப்பாவிடம் சேர்த்துவிட்டேன்.