இருமக் கற்றுக்கொண்ட குரல்

என் ஒட்டடைக்குச்சித் தம்பிக்கு,

அரசாங்கத்து ஆட்கள் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் நாற்பது நாள் ஆகிறது. ஆனாலும் தினமும் காலை ஏழு மணிக்கு நம் ரேடியோவில் நீதான் செய்தி வாசிக்கிறாய். வழக்கம்போல ரேடியோ நிலையத்து வராந்தாவைப் பெருக்கும்போது கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அவர்கள் பூட்டிவிட்டுப் போன அறையில் உன் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. உன்னுடையதைப் போலவே மெஷினில் செய்த குரல் மட்டும் வருகிறது.

“உங்க தம்பியும் அவங்க பக்கம் சாஞ்சுட்டாராக்கா?” என்று பக்கத்து வீட்டு டெய்லர் கேட்டார்.

“அவனா? சாயறதுக்கு உடம்புல சதை வேணுமேப்பா!” என்றேன்.

வானிலை வாசிக்கும் முன்னால் நீ எப்போதும் இருமுவாய், இந்தக் குரல் இருமுவதே இல்லை என்று போன கடிதத்தில் கிண்டல் செய்திருந்தேன். அது உன் கைக்கு வந்ததோ இல்லையோ, மறுவாரமே குரல் இருமியது. அதே இடத்தில், உன்னைப் போலவே இரண்டு தடவை. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

“இதுவரை நமக்கு ரகசியமாகத் தகவல் தந்தவர்கள் நிலையத்துக்கு வந்து பெயரைப் பதிவு செய்யுங்கள்” என்று நேற்று அது கூப்பிட்டது. ஒருத்தரும் போகவில்லை. அந்தக் குரலில் இன்னொரு தப்பும் இருக்கிறது. அதை முன்பே வீடு வீடாகப் போய் வாயால் சொல்லிவிட்டேன். இங்கே எழுத மாட்டேன்.

உனக்கு முன்னால் இதைப் பிரிக்கிற ஐயாவுக்கு ஒரு வார்த்தை: இருமல் பிரமாதம். அசல் இருமலுக்குக் கொஞ்சம் மருந்து வாங்கிக் கொடுங்கள்.

உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்த,
வாயாடி அக்கா