முழுக்கைச் சட்டை

மகளுக்கு,

செல்லம் என்று எழுதக் கை வரவில்லை. நேரில் பேசினால் அழுதுவிடுவேன். அப்புறம் நீதான் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும்.

கோபத்தை அடக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு உதவும் ஏழு பேருக்கு நான் மேலாளர். "கத்துற பிள்ளையப் பிடிக்காதீங்க, பக்கத்துல உட்காருங்க" என்பதுதான் அவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம். போன மாதம் ஒரு பையனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்ததற்காக ஒருவரை சஸ்பெண்ட் செய்தேன். "ஒரு நிமிஷம் பொறுமை போயிடுச்சு மேடம்" என்றார். "பொறுமைதான் நம்ம வேலையே" என்றேன், பெரிய இவள் மாதிரி.

ஊருக்குத்தான் உபதேசம். செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று நீ கத்தியபோது உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். நாலு விரலும் பதிந்துவிட்டது.

இன்று உன் அத்தை, "கையில என்னடி?" என்று கேட்டாள். "கதவுல இடிச்சுக்கிட்டேன் அத்தை" என்றாய். பிள்ளைகள் அப்படிச் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள் என்று சொல்லிக்கொடுப்பவளும் நான்தான். நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.

நடந்ததை என் மேலதிகாரிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். இந்த வெயிலில் மூன்று நாளாக நீ பள்ளிக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போகிறாய். நாளைக்கு வேண்டாம். யாராவது கேட்டால், யார் பிடித்தது என்று சொல்லிவிடு.

அம்மா